பட்டையில் விட்டுவைத்த மாத்திரை

அன்றைக்கு டாக்டரின் காத்திருப்பு அறையில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர் சவரி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லிண்டா என்கிற ரிசப்ஷன் அம்மா, காலில் கட்டுப்போட்ட ஒரு கிழவர், அவரோடு வந்த மகள். ஒருவரும் இன்னொருவரிடம் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்குப் பழகாதது இதுதான். மரக்காணத்தில் டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவளின் கர்ப்பப்பை வரைக்கும் தெரிந்துவிடும்.

இங்கே குடும்ப டாக்டரின் இடத்தை சர்ஜரி என்கிறார்கள். சவரியின் வலிப்பு மாத்திரைக்கு அங்கிருந்துதான் சீட்டு. மாதா மாதம் போனில் அழுத்தினால் சீட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடும். ரிப்பீட் என்று பெயர். அந்த மாதம் அழுத்தினேன், மறுத்துவிட்டது. டாக்டர் ஒருமுறை பார்த்து மறுபடி அனுமதிக்க வேண்டுமாம். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு ராத்திரியோடு மாத்திரை தீருகிறது. லிண்டா கொடுத்த தேதியோ மூன்று வாரம் தள்ளி.

நான் பயந்தவள்தான், மறைக்கவில்லை. ஆனால் என் பயம் சும்மா வந்ததல்ல. கல்யாணமான புதிதில் ஒரு புயல் மழை. ரோடெல்லாம் தண்ணீர், மெடிக்கல் திறக்கவில்லை, கையில் மாத்திரை இல்லை. மழை விட்டதும் உப்பளத்து வரப்பு என்ன ஆனதென்று பார்க்கப் போன மனிதர், வலிப்பு வந்து பாத்தித் தண்ணீரில் குப்புற விழுந்தார். கூடப் போனவர்கள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தார். உப்புத்தண்ணீர் குடித்துச் சிவந்துபோன அந்தக் கண்களை நான் பார்த்திருக்கிறேன். லிண்டா பார்க்கவில்லை.

வேறு வழி தெரியாமல் பையிலிருந்த பழைய மாத்திரைப் பட்டைகளை எல்லாம் அவள் முன்னால் கொட்டினேன். இத்தனை மாதம் இதைத்தானே கொடுத்தீர்கள், இப்போது மட்டும் என்ன என்று கேட்பதற்காக. லிண்டா எண்ணிப் பார்த்தாள்.

"இதில் பதினொரு மாத்திரை இருக்கிறதே! அதற்குள் ஏன் தீர்ந்தது என்கிறீர்கள்?"

"நோ ஈட். சாம்பிள்," என்றேன்.

அவள் முகம் மாறியது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மருந்தின் பெயர் வாயில் நுழையாது. எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்களுக்குப் பழைய பட்டைதான் சீட்டு. காட்டினால் மெடிக்கலில் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்தால் பின்பக்கத் தாளோடு பெயரும் கிழிந்துபோகும் என்பதால் கடைசி மாத்திரையைத் தொடாமல் விடுவோம். கடல் தாண்டி வந்தும் கை அதை மறக்கவில்லை. சவரிக்கு ஒரு வேளையும் தவறியதில்லை, அடுத்த பட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன்.

லிண்டா ஒரு மருந்தாளுநர் பெண்ணை அழைத்துவந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் சவரியின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏ பிலோமினா, நீ எனக்கு மாத்திரை தராம ஒளிச்சி வெச்சிக்கிறியான்னு கேக்குது இந்தப் பொண்ணு."

"நீ இன்னாய்யா சொன்ன?"

"இன்னும் சொல்லல. யோசிச்சிக்கினு இருக்கறேன்."

"யோவ்!"

கிழவரின் மகள்கூடத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனிதரை ராத்திரியில் மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவள் நான். ஒரு பட்டையை எடுத்து அவர்கள் கண்முன்னே மாத்திரையைப் பிதுக்கினேன். தாள் கிழிந்தது, பெயர் பாதியானது. அந்தப் பாதிப் பெயரைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனாலும் லிண்டா, "சாரி, இன்று டாக்டருக்கு நேரமில்லை," என்றாள்.

அந்தப் பதினொன்று மூன்று வாரத்துக்குக் காணாது. "நோ டேப்லெட், நோ கோ," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சவரி என் முந்தானையை இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். கிழவரும் மகளும் போனார்கள். பாதி விளக்குகள் அணைந்தன. கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்த டாக்டர் எங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கோட்டைக் கழற்றினார். பத்து நிமிடத்தில் ரிப்பீட் திரும்ப வந்துவிட்டது. பழைய மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். கொடுத்தேன், ஒன்றைத் தவிர.

போன மாதம் ஊருக்குப் போனோம். திரும்பும் நாள் தள்ளிப்போனதில் மாத்திரை குறைந்தது. பட்டையோடு மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தான். கம்பெனி வேறு, நிறமும் வேறு.

"டாக்டர் சீட்டு வேணாமாப்பா?"

"உங்க மூஞ்சி தெரியாதா எனக்கு? எடுத்துக்கினு போங்கக்கா."

"வலிப்பு மாத்திரைப்பா. கம்பெனி மாத்தி தரலாமான்னு டாக்டர்தான சொல்லணும்?"

"அய்ய! சீட்டு கேட்டதுக்கு அங்க சண்ட போட்டீங்கன்னு சவரி அண்ணன் சொல்லிச்சி. இங்க கேக்காம தர்றேன், அதுக்கும் சண்டையாக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏம்மா, லண்டன்காரம்மா, வாங்கிக்கினு நகரும்மா," என்றார் ஒருவர்.

பெட்டியை எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. டாக்டருக்குப் போன் போடு என்றேன். சர்ஜரியில் என்னை நகரச் சொன்னவர்கள் சாரி என்றார்கள். மெடிக்கலில் சொன்னவர்கள் அம்மா என்றார்கள். இரண்டுக்கும் நான் நகரவில்லை.