பிள்ளையைப் பார்க்காத அரசன்

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் எனக்கு இங்கிலாந்து அரசன் வேடம் கிடைத்தது. தகுதி பார்த்துக் கொடுத்ததல்ல. அரசனுக்கு வசனமே இல்லை என்றார்கள். பென்ரோஸ் கிடங்கில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவன் உட்கார்ந்தே நடிக்கலாம் என்று நான்தான் கையைத் தூக்கினேன்.

நாடகத்தை எழுதியவள் என் மகள். பதினாறு வயது. வரலாற்றுப் பாடத்தில் படித்த கதை. ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அரசனானவன். வளர்ந்து, தகப்பன் பிடித்த பிரான்ஸைக் கோட்டைவிட்டான். சொந்தக்காரர்கள் அதிகாரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இந்தச் சங்கடத்துக்கு நடுவில் ஒருநாள் பேசாமல், ஆளை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். அப்படியே ஒன்றரை வருடம். இடையில் மகன் பிறந்தான். அரசி குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினாள். மனிதன் அசையவில்லை.

அந்தக் காட்சிதான் என்னுடையது. மகள் அரசி. குழந்தைக்கு ஒரு பொம்மை.

நாடகம் பழக்கியவர் கோயம்புத்தூர்க்காரர். "சார், ராஜான்னா கொஞ்சம் கம்பீரமா உட்காருங்க" என்றார். கம்பீரமாகத்தான் உட்கார்ந்தேன். பொம்மை கிட்டே வந்ததும் பார்த்துவிட்டேன். நாலாம் தரமும் பார்த்தேன். மகள் பொறுமை இழந்து, "டோன்ட் லுக், அப்பா!" என்று கத்தினாள்.

அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தபோது நான் இங்கே ஒனிஹங்காவில் ஓர் அறையில் அகதி விண்ணப்பத்தோடு இருந்தேன். நாலு வருடம் போன் திரையில்தான் முகம். விசா கிடைத்து விமான நிலையத்தில் வந்து இறங்கியவள் என்னைப் பார்க்கவேயில்லை. தாயின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ஆளைத் தெரியேல்லை" என்று மனைவி சமாளித்தாள். நானும் எல்லோருக்கும் அப்படியே சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் சரியான கோபம். நாலு வயதுப் பிள்ளையோடு மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஆள் நான். பிறகு பழகிவிட்டோம். ஆனாலும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை.

ஒத்திகை முடிந்து மவுண்ட் வெல்லிங்டன் சிக்னலில் காரை நிறுத்தியபோது அவளிடம் பகிடியாகக் கேட்டேன்.

"என்னெண்டு பாக்காமல் இருக்கிறது? நீ ஏர்போர்ட்டில என்னைத் தெரியாமல் இருந்த மாதிரியோ?"

அவள் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினாள்.

"இல்லை அப்பா. அரசனுக்குத்தான் தெரியாது. எனக்கு உங்களை நல்லாத் தெரியும். கோபத்திலதான் பாக்கேல்லை."

"நாலு வயசிலயோ?"

"ஓம். மற்றப் பிள்ளையளை அப்பாமார் தூக்கிக்கொண்டு போவினம். நீங்கள் போனுக்குள்ளேயே இருந்தனீங்கள்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பன்னிரண்டு வருடம் நான் அவள்மேல் வைத்திருந்த கோபம், நியாயமாக அவளுக்குத்தான் என்மேல் இருந்திருக்க வேண்டியது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.