பூஜ்யத்தைக் காலி என்று நினைத்த நீச்சல் டீச்சர்

கடல் உண்டான புதிதில் அலைகளெல்லாம் கண்டபடி முட்டிமோதிக்கொண்டிருந்தன என்றும், என் சித்தி கரையில் நின்று ஒரு விசில் ஊதிய பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரக் கற்றுக்கொண்டன என்றும் நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லத் தயார். மீன்களுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சுறாவை மட்டும் இன்னும் தேற விடவில்லை. கால் உதைப்பது சரியில்லையாம்.

சித்தி ஊர் நீச்சல் குளத்தில் டீச்சர். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு, தலைமுடியில் எந்நேரமும் குளோரின் வாடை. வீட்டையும் குளம் மாதிரிதான் நடத்துகிறாள். கூடத்தில் ஓடினால் ஒரு விசில். தட்டைக் கழுவாமல் போட்டால் இரண்டு. சித்தப்பா பேருந்து ஓட்டுகிறவர். ரோட்டில் யாருக்கும் வழிவிடாத மனுஷன், வீட்டில் விசில் கேட்டால் நடுக்கூடத்தில் பிரேக் போட்டு நிற்பார். நான் இவர்களோடு வளர்கிற, சித்தியின் அக்கா மகள். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துப்போகாததால், பாதி நாள் குளத்தில் துண்டு எடுத்துக்கொடுக்கிறேன். வீட்டில் என்னை வாலு என்பார்கள்.

குளத்தில் யாராவது மிதவை இல்லாமல் முதன்முதலாக அக்கரை சேர்ந்தால், சித்தி அதை போனில் வீடியோ எடுத்துவிடுவாள். பிறகு பேர் போட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைப்பாள். இப்படிப் பல வருஷமாக. தண்ணீரைக் கண்டதும் அலறிய வாண்டுகள், பேரன் பிறந்த பிறகு நீந்த வந்த தையல்காரர், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பழுது பார்ப்பதற்காகக் குளத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மூடுவதற்கு முன் ஞாயிறு சாயங்காலம் அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டாள். எல்லா வீடியோவையும் ஒன்றாகக் கோத்துக் குளத்துச் சுவரில் காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். கோக்க உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் இடமில்லை என்று கையை விரித்தது. அதனால்தான் புது ஹார்ட் டிஸ்க் வந்தது.

சனிக்கிழமை காலையில் சித்தப்பா கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த தூசிக்கு இரண்டு தும்மல் போட்டு, புது டிஸ்க்கைப் பழசுக்குக் கீழே பொருத்தினார்.

"என்னங்க, ஒரு ஸ்க்ரூ மிஞ்சி நிக்குது?"

"அது உபரியா கொடுத்திருப்பான்."

"பஸ்ஸை ரிப்பேர் பண்ணாலும் இப்படித்தான் மிஞ்சுமா?"

சித்தப்பா ஸ்க்ரூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நைசாக வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

என்னைக் கிட்டவே விடவில்லை. போன மாசம் மவுஸின் இடது பொத்தானை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிவிட்டுச் சித்தி திண்டாடுவதைப் பார்த்துச் சிரித்த பாவம். குளத்து மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்து தரையில் ஒரு கோடு ஒட்டினாள். "இதைத் தாண்டினே, காலை ஒடிப்பேன்."

கம்ப்யூட்டர் எழுந்தது. புது டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தபடி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தாள். கீழே இரண்டு வரிசை. டிஸ்க் பூஜ்யம், டிஸ்க் ஒன்று. பூஜ்யத்தில் நீலப் பட்டை போட்ட கட்டங்கள். ஒன்றில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை.

எங்கள் குளத்தில் பாதைகள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பூஜ்யம் என்று ஒரு பாதையே கிடையாது. ஆகவே சித்தி கணக்குப் போட்டாள்: ஒன்று என்றால் முதலில் வந்தது, பழசு, அடைசலில் கறுத்துப்போயிருக்கிறது. பூஜ்யம் என்றால் காலி, அதுதான் புதுசு. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பூஜ்யத்தில் பெரிய கட்டமாகப் பார்த்து ஃபார்மட் என்பதை அழுத்தினாள்.

"சித்தி, அது பழசு!"

விசில்.

"சத்தியமா சித்தி! வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு!"

"மவுஸ் விஷயத்திலயும் இப்படித்தான் சத்தியம் பண்ணே."

உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. "புதுசுல அழிய என்ன இருக்கு?" என்று சரி கொடுத்தாள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று சந்தோஷப்பட்டு, வீடியோக்களை இங்கே மாற்றலாம் என்று தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். கழுத்து விசிலைக் கையில் பிடித்தாள், ஊதவில்லை.

"எல்லாரும் நாளைக்கு வருவாங்களே டீ" என்றாள். சித்தி குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

என் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே நீட்டினேன்.

"என்னது இது?"

"உன் வீடியோ எல்லாம். நேத்தே காப்பி பண்ணிட்டேன். எல்லாத்துலயும் வாத்துச் சத்தம் சேர்த்து, நாளைக்கு உன் மானத்தை வாங்கலாம்னு இருந்தேன்."

அதற்குத்தான் எடுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

சித்தி என் காதைப் பிடித்துத் திருகி, பிடித்த காதிலேயே ஒரு முத்தமும் கொடுத்தாள். பிறகு குனிந்து டேப்பைப் பிய்த்தெறிந்தாள். "வந்து உக்காரு."

புதுசான டிஸ்க் ஒன்றை முதலில் இனிஷியலைஸ் செய்து, கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தினேன். முழுவதையும் ஒரே பாகமாக வைத்து, ஃபார்மட் செய்ததும் கறுப்புப் பட்டை நீலமானது. என்ன பேர் போடலாம் என்று கேட்டேன்.

"ஆழமான பக்கம்னு போடு" என்றாள் சித்தி.

போட்டேன். பென் டிரைவில் இருந்ததையெல்லாம் அப்படியே அதில் கொட்டினேன். அதோடு என் வேலை முடிந்தது. கோப்பதை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கதவுக்கு முன்னால் மறுபடி மஞ்சள் டேப். எனக்கு ஏன் அப்போதே உறைக்கவில்லை?

ஞாயிறு சாயங்காலம் குளத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. சுவரில் ஒவ்வொருவராக அக்கரை சேரச் சேர, இங்கே கைதட்டல். தையல்காரர் தன் முறை வந்ததும் எழுந்து நின்று தனக்கே கைதட்டிக்கொண்டார். சித்தப்பா அழுகிறாரா தும்முகிறாரா என்று தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தோம். முடியவில்லை. சுவரில் விடிந்தும் விடியாத குளம். ஆளே இல்லை. நடுப்பாதையில் ஒருத்தி மட்டும், விசில் இல்லாமல், தண்ணீர் கலங்காமல், வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய்க்கொண்டிருக்கிறாள். ஊரையே வீடியோ எடுத்தவளை யாரும் எடுத்ததில்லையே என்று, துண்டு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் எடுத்தது. அந்த பென் டிரைவின் மூலையில் கிடந்ததை நான் சுத்தமாக மறந்திருந்தேன். படத்துக்குப் பின்னாலிருந்து மூக்கடைத்த ஒரு குரல்: "போ சித்தி... போ போ... அம்மாடி, என்னா அழகு..."

குளமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் துண்டுக் குவியலுக்குள் தலையைப் புதைத்தேன்.

ரப்பர் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"வாத்துச் சத்தம் சேர்க்கப்போறேன்னு சொன்னியே, எங்கடி?"

"நேரம் கிடைக்கலை."

"ஒண்ணே ஒண்ணு சேர்ந்திருக்கே" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, அதே இடத்தை மறுபடி ஓட்டினாள்.