திதிப் பக்கத்து நம்பர்

விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். ஊரப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முப்பது வருஷமாகச் செய்கிறேன். தாம்பரத்திலிருந்து படப்பை வரைக்கும் என் சாம்பாரைச் சாப்பிடாத தெரு குறைவு. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் எண்களும் சில எழுத்துகளும் தெரியும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் ஒரு வெப்சைட்டுக்குள் போய் நம்பரை மாற்றினேன்.

வெப்சைட்டைச் செய்தவள் என் மகள். எனக்கு ஒரே மகள். கல்யாணமாகித் தாம்பரத்தில் இருந்தாள், கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, நான் காய் நறுக்குகிற மேசையின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள். கல்யாணத்துக்கு ஒரு பக்கம், வளைகாப்புக்கு ஒரு பக்கம், காதுகுத்துக்கு ஒன்று, திதி, காரியத்துக்கு ஒன்று. எல்லாப் பக்கத்திலும் அடியில் ஒரே மாதிரி இருக்கும். ஒரு குத்துவிளக்குப் படம், எங்கள் முகவரி, ‘மீண்டும் மீண்டும் வாருங்கள்’ என்று ஒரு வரி, அதன் கீழே அவளுடைய போன் நம்பர். கூப்பிடுகிறவர்கள் இங்கிலீஷில் பேசினால் நான் தடுமாறுவேன் என்று ஆர்டரெல்லாம் அவளே எடுத்தாள்.

"இத்தனை பக்கத்துலயும் இதையே திரும்பத் திரும்ப எழுதினியா?" என்று கேட்டேன்.

"நீ கல்யாணத்துக்கு ஒரு சாம்பார்ப் பொடி, காதுகுத்துக்கு ஒரு சாம்பார்ப் பொடின்னா அரைக்கற? ஒரே டப்பாதானே? அதே மாதிரிதாம்மா. அடியில வர்றதை ஒரு ஃபைல்ல தனியா எழுதி வச்சுட்டேன். ஒவ்வொரு பக்கத்துலயும் ‘அதை இங்க கொண்டாந்து போடு’ன்னு ஒரே ஒரு வரி. யாராவது பக்கத்தைக் கேட்டா, சர்வர் அந்த ஃபைலை எடுத்து அந்த இடத்துல சேர்த்து அனுப்பிடும்."

"சர்வர்னா யாரு?"

"எங்கயோ ஒரு ஊர்ல இருக்கற கம்ப்யூட்டர். உன்னை மாதிரிதான், ஓயாம வேலை செய்யும், குறை சொன்னா மட்டும் ஒத்துக்காது."

அந்த வரியைக் காட்டினாள். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்ட ஒரு குறி. அதை ஒட்டி ‘இன்க்ளூட்’ என்று ஒரு வார்த்தை. அந்தக் குறியைப் பார்த்தால், பொது ஃபைல் அங்கே வந்து உட்காரும் என்று புரிந்துகொண்டேன்.

வெப்சைட் வந்து ஒரு மாசம் இருக்கும். படப்பையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகள் போனைச் சத்தமாக வைத்தாள்.

"இன்னாம்மா, கிண்டல் பண்றீங்களா? எங்க அப்பா போய்ட்டாரு. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குத் தேடினா, அடியில விளக்கு ஏத்தி வச்சு மறுபடியும் மறுபடியும் வாங்கன்னு போட்டுகினு கீது! இன்னொரு சாவு விழணுமா எங்க வூட்ல?"

மகள் முகம் வெளுத்துவிட்டது. தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிறவர்கள் நாம். திதிச் சமையலுக்கு நான் அந்தப் பொடி டப்பாவைத் தொடுவதே இல்லை. மிளகாய் ஆகாது என்று மிளகையும் சீரகத்தையும் தனியாக வறுத்துப் பொடிப்பேன். அடுப்பில் தெரிந்தது எனக்கு வெப்சைட்டில் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கே திதிப் பக்கத்திலிருந்து அந்தக் குறி போட்ட வரியை எடுத்துவிட்டாள். விளக்கு இல்லை, வாருங்கள் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அடியில் வருவதைத் தனியாகக் கையாலேயே எழுதினாள். ‘சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.’ கீழே அவள் நம்பர். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி உள்ளே போவது, எந்த ஃபைலைத் திறப்பது, எதை அழுத்தினால் சேமிக்கும் என்று தமிழில் பெரிது பெரிதாக எழுதினாள்.

"எனக்கு எதுக்குடி இது? நீ எழுந்து வந்து மாத்து."

"கத்துக்கம்மா. கத்துக்கிட்டா ஒண்ணும் கௌரவம் குறைஞ்சிடாது."

கற்றுக்கொள்ள மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கற்றுக்கொண்டால் அவளை அனுப்பச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஆறு மாசத்தில் போய்விட்டாள். அவள் காரியத்துக்கு நானே சமைத்தேன். பெற்றவள் சமைக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். வேறு யார் கையில் அவள் சாப்பிடுவாள் என்று கேட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் மாப்பிள்ளை வந்தார். அவள் போன் அவரிடம்தான் இருந்தது.

"அத்தை, அந்த நம்பரை மாத்திடுங்க. கல்யாண ஆர்டர்னு கூப்பிட்டு, மேடம் இருக்காங்களான்னு கேக்கறாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை, இல்லைன்னு என் வாயாலயே சொல்ல முடியலை."

கம்ப்யூட்டர் தெரிந்த ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். என் மகள் எழுதியதில் அடுத்தவர் கைவைக்க விடமாட்டேன். நோட்டைப் பிரித்து, இரண்டு பகல் உட்கார்ந்து, அடிக்கான ஃபைலைக் கண்டுபிடித்தேன். நோட்டில் எழுதியிருந்தது: ‘இந்த ஒண்ணை மாத்தினா எல்லாம் மாறிடும்.’ அவள் நம்பரை அழித்து என்னுடையதைப் போட்டுச் சேமித்தேன். கல்யாணப் பக்கத்தைத் திறந்தேன், என் நம்பர். வளைகாப்பு, காதுகுத்து, எல்லாவற்றிலும் என் நம்பர். ஒவ்வொன்றாகப் போகும், அதற்குள் மனசு பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரே நொடியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் போய்விட்டாள். மிச்சத்தைத் திறந்து பார்க்கத் தெம்பில்லாமல் மூடிவைத்தேன்.

மூன்று மாசம் போனது. மாப்பிள்ளை மறுபடி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். பேர், விலாசம், எத்தனை இலை, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது.

"இன்னும் அந்த நம்பருக்கு வருதா? நான்தான் மாத்திட்டேனே!"

"கல்யாணக்காரங்க யாரும் இப்ப கூப்பிடறதில்லை, அத்தை. துக்க வீட்டுக்காரங்க மட்டும்தான்."

"இத்தனை நாளா யார்கிட்ட அனுப்பினீங்க?"

"மூணு பேர்தான் கூப்பிட்டாங்க. மத்த ரெண்டு பேருக்கும் உங்க நம்பரையே கொடுத்தேன். இவரு வயசானவரு, சம்சாரம் தவறிட்டாங்களாம், ரொம்ப அழுதாரு. அவர்கிட்ட இன்னொரு நம்பருக்குப் போடுங்கன்னு சொல்ல மனசு வரலை. நானே எழுதிக்கிட்டேன்."

"அவ எங்கன்னு கேக்கலியா?"

"கேட்டாரு. வெளிய போயிருக்காங்கன்னேன்."

அவர் போனபின் திதிப் பக்கத்தைத் திறந்தேன். அவள் நம்பர் அப்படியே இருந்தது. கையால் எழுதிய அடி, பொது ஃபைலை மாற்றினால் எப்படி மாறும்? நோட்டில் இதை எழுத மறந்திருக்கிறாள். கடைசி நாட்களில் மருந்து அவளை அப்படி ஆக்கியிருந்தது.

இங்கே அந்தக் குறி வரியைத் திரும்பப் போடவும் முடியாது. போட்டால் விளக்கும் வாருங்களும் வந்துவிடும். பத்து எண்ணையும் நான்தான் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. வேலையை முடிக்குமுன் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். திரையைப் பார்த்தே எண்களை அழுத்தியிருக்கிறேன். அவருடைய நம்பர் இல்லை அது, மகளுடையது.

இரண்டு தடவை மணி அடித்ததும் மாப்பிள்ளை எடுத்துவிட்டார். யாரென்று பார்க்கவில்லை போலிருக்கிறது.

"சொல்லுங்க, பார்த்துக்கலாம்," என்றார் மெதுவாக.

"நான்தான் மாப்பிள்ளை. திதிப் பக்கத்துல இருக்கறதையும் இப்ப எடுக்கப் போறேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."



"இப்பவேவா?"

"ஏன்?"

"நாளைக்கு எடுக்கலாமே, அத்தை."

எடுத்த வேலையை நாளைக்கு என்று தள்ளிவைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சரி என்றேன். எதையும் அழுத்தாமல் லேப்டாப்பை மூடினேன்.

அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை. போன வாரம் கூட ஒரு சீட்டு வந்தது. பெருங்களத்தூர், நாற்பது இலை, மிளகாய் சேர்க்கக் கூடாது.