திங்கட்கிழமை பிரஷர்

எனக்கு முப்பத்தெட்டு வயதில் பிரஷர் வந்தது. எழுபதுகளின் கடைசி, தலைநகரில் சர்க்கார் உத்தியோகம். வீடு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், ஆபீஸ் ராமகிருஷ்ணபுரத்தில். டிஸ்பென்சரி லேடி டாக்டர், காலையில் போட இரண்டு மாத்திரை எழுதினார்: ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று நீர் மாத்திரை. முதல் மாத்திரை சாயங்காலம் வரை தாங்காது, இரண்டும் சேர்ந்தால்தான் நாள் முழுக்க நிற்கும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீர் மாத்திரை போட்ட முதல் நாளே, நெரிசல் பஸ்ஸில் பாதி வழியில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இறங்கி ஓடி மறைவிடம் தேடி, ஆபீசுக்கு அரை மணி தாமதம். இதைப் போய் ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வேலை நாட்களில் அந்தச் சனியனை விட்டுவிட்டேன். ஞாயிறு வீட்டில்தானே, இரண்டையும் போடுவேன். மாதம் ஒரு திங்கட்கிழமை காலை செக்-அப். ஆபீசுக்குப் பெர்மிஷன் உண்டு, அன்றும் இரண்டு. பிரஷர் அழகாக இருக்கும், நானும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி வருவேன். மற்ற நாட்களில் சாயங்காலமானால் பிடரி வலிக்கும். ஆபீசைத் திட்டித் தீர்ப்பேன்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு திங்களன்று டாக்டர், "அச்சா, நல்லா கன்ட்ரோல் ஆயிடுச்சு. இனிமே நீர் மாத்திரை மட்டும் போதும்" என்று இந்தியில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். மனைவி எழுந்துபோய் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்தாள். நான் போடாமல் அதில் சேர்த்து டிராயரில் ஒளித்துவைத்திருந்த நீர் மாத்திரைகள் பாதிக்கு மேல் கிடந்தன. அன்று காலைதான் கண்டுபிடித்திருக்கிறாள்.

"இதத் திங்கவே இல்ல. அதையும் நிறுத்தியாச்சு. அப்போ எத நம்பி இருக்கீக?"

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்து, நேரே டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் இரண்டு தடவை பிரஷர் பார்த்தார். முகம் மாறிவிட்டது. மனைவி பாட்டிலை மேஜைமேல் வைத்து, தன் அரைகுறை இந்தியில், இவருக்குப் பஸ்ஸில் ஒன்றுக்கு வருகிறதாம் என்று போட்டு உடைத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நேரத்தை மாற்றியிருப்பேனே என்றார். பழைய மாத்திரையைத் திரும்பக் காலைக்கு எழுதி, நீர் மாத்திரையை ஆபீஸ் விட்டு வந்ததும் போடச் சொன்னார்.

திரும்பி நடக்கும்போது மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனாள். வீட்டு வாசலில்தான் நின்றாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, பாஷைகூடச் சரியா வராத இந்த ஊர்ல, ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?"