அரை ஸ்வரம்

வானொலி நிலையத்தின் சேர்ந்திசைக் குழுவில் அந்த அம்மாவை எல்லோரும் 'சுருதிப்பெட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியமில்லாத பாட்டுக்கு முதல் சுருதியை மெல்லப் பாடிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடத்தில் காது ஒருநாளும் பிசகியதில்லை.

ஐம்பத்து நாலாம் வயதில் பிசகியது. கேட்பதெல்லாம் அரை ஸ்வரம் ஏறி ஒலித்தது. கணவரிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

அன்று நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிய ஒரு நிமிடம் இருந்தது. முப்பது பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்தார்; அதை முழங்கையில் தட்டிக் காதோரம் வைத்தார். அது சொன்ன சுருதி சுத்தத் தப்பாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதையே கொடுத்தார். ஒன்பது நிமிடமும் தன் காதோடு மல்லுக்கட்டியபடி பாடினார்.

விளக்கு அணைந்ததும் குழுத் தலைவர் வந்தார். "எப்பவும் போல கச்சிதம்மா."

"இல்ல சார். என் காது கெட்டுப்போய் நாலு மாசமாச்சு. இனிமே வேற யாராச்சும் சுருதி கொடுக்கட்டும்."

"அப்ப இன்னைக்கு?"

கையை விரித்து இசைக்கவையைக் காட்டினார். தலைவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாடுறதையும் விட்டுடுவீங்களா?"

"அதை எதுக்கு சார் விடணும்? பக்கத்துல நிக்கிறவங்க காது நல்லாத்தானே இருக்கு?"

ஓய்வு பெறும்வரை இரண்டாம் வரிசையில் நின்று பாடினார்.