ஒற்றையாக வந்த விருந்தாளி

தொமியே வாழ்நாள் முழுவதும் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் பணிப்பெண்ணாக இருந்தவள். அவள் விரித்துச் சுருட்டிய மெத்தைகளை அடுக்கினால் சந்திரனுக்குப் போக ஏணி வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ள நேரமிருக்கவில்லை. வேலையிலிருந்து நின்றதும் அவளுக்கு ஒரே ஆசைதான்: ஒரு நாளாவது தானும் விருந்தாளியாகி, யாரும் கூப்பிடாமல் வெந்நீரில் கிடக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனாள். அங்கே ஊற்றின் சூடு எப்படியென்றால், மேலே பறக்கும் காக்கை முட்டையிட்டால் அவித்த முட்டையாகத்தான் கீழே விழும்.

விடுதிக்காரி மசூ வாசலில் குனிந்து வணங்கிவிட்டு, தொமியேவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கூட வந்தவங்க பின்னால வர்றாங்களாம்மா?"

"கூட வந்தது என் நிழல்தான். அதுக்கும் தனியா சோறு போடுவீங்களோ?"

மசூ சிரிக்கவில்லை. ஒற்றை ஆள் வந்தால் மலை விடுதிக்காரர்களுக்கு ஆகாது. சாக இடம் தேடி வந்தவரோ என்ற பயம். பனியில் திருப்பி அனுப்பவும் மனம் வராது. கண்பார்வையிலேயே இருக்கட்டுமென்று சமையலறையை ஒட்டிய கீழ் அறையைக் கொடுத்தாள்.

தொமியேவுக்குப் புரிந்துவிட்டது. குளியலறை மாடத்தில் வழக்கமாக இருக்கும் சவரக்கத்தி இல்லை. விடுதி கொடுத்த அங்கியின் கச்சை, முடிச்சுப் போடவே எட்டவில்லை. 'நானாக இருந்தால் இதை இன்னும் நறுவிசாகச் செய்திருப்பேன்' என்று நினைத்துக்கொண்டாள்.

பணிப்பெண் கினுயே, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த வயதுக்காரி, கதவைத் திறந்தாள்.

"டீ ஆறிப்போச்சாம்மா?"

"இப்பத்தானே ஊத்தின? வாயில வைக்க விடுறியா நீ?"

குளிக்கப் போய் முக்காலியில் உட்கார்ந்தால், அங்கேயும் கினுயே.

"முதுகு தேய்ச்சு விடட்டுங்களா?"

"ஏன், முழுகிடுவேன்னு பயமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க!" அவள் முகம் வெந்த நண்டாகச் சிவந்தது.

ஆனாலும் தேய்த்தாள். அந்த முதுகை இன்னொரு கை தொட்டு எத்தனை காலம் ஆயிற்றென்று தொமியேவுக்கே தெரியாது. வாய்வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு, தேய்த்து முடியும்வரை அசையாமல் இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் சாப்பாடு வந்தது. கினுயே பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். தன் மருமகளை வசைபாடினாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"மறைக்காம சொல்லுங்கம்மா, மனசுல ஏதும் கஷ்டம் இல்லியே? இல்லேன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இனி யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

'சாக வரலம்மா, சாப்பிட வந்தேன்.' அவ்வளவு சொன்னால் போதும். ஆசைப்பட்டபடியே யாரும் கூப்பிட மாட்டார்கள். நாளைக்கும் கூப்பிட மாட்டார்கள், அதற்கு அடுத்த நாளும்.

தொமியே சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எதிர்மலைப் பைன் மரத்துப் பனியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துபோகும்படியான மூச்சு.

கினுயே தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"ஆரஞ்சு உரிச்சுத் தரட்டுமாம்மா?"

"உரி," என்றாள் தொமியே. "மெதுவாவே உரி."