மூடாத கதவு

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் பேராசிரியரைப் புகழ்ந்து தள்ளினார்கள். எல்லோர் பேச்சிலும் ஒரு கதவு வந்தது. "சார் ரூம் கதவ மூடவே மாட்டாரு. யார் வேணும்னாலும் உள்ள போலாம். அவ்வளவு பெரிய மனசு," என்றார் துறைத்தலைவர். முன்வரிசையில் இருந்த பேராசிரியரின் மனைவி, "வீட்லயும் அப்படித்தான். குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட மாட்டாரு," என்றார். அழுதவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கடைசி வரிசையில் ஆய்வக அட்டெண்டருக்கு மட்டும் வயிறு எரிந்தது. பெரிய மனசாம், மண்ணாங்கட்டி.

அட்டெண்டருக்குப் பட்டப்பெயர் முக்காக்கை. வலக்கையில் இரண்டு விரல் கிடையாது. ரவுடிப் பயல்கள் இரும்புக் குழாயால் நசுக்கியதாக எல்லோருக்கும் தெரியும். போலீசில் பேராசிரியர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அட்டெண்டரும் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன?

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பரீட்சையில் காப்பியடித்த ஒருவனைப் பேராசிரியர் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் பட்டப்பகலில் அவன் ஏழெட்டுப் பேரோடு குழாயும் சைக்கிள் செயினுமாக மாடியேறி வந்தான். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை மிச்சமில்லை. அட்டெண்டர்தான் பேராசிரியரை இழுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினார். பேராசிரியர் உள்ளே பாய்ந்தார். பின்னாலேயே நுழைய அட்டெண்டர் கதவு நிலையைப் பிடித்தார். படாரென்று பேராசிரியர் கதவைச் சாத்தினார். அலறிக்கொண்டு கையைப் பிய்த்து எடுத்தபோது இரண்டு விரல் தோலில் தொங்கின. அப்புறம்தான் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஐயா, தொறங்க. கொன்னுடுவானுங்க."

உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் அடி முதுகில் விழுந்தது, அடுத்தது முழங்காலில். செயின் காதைக் கிழித்தது. கீழே விழுந்தவரை மிதித்தார்கள். போலீஸ் விசில் கேட்டபிறகுதான் ஓடினார்கள். அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

அதன்பிறகு பேராசிரியர் எந்தக் கதவையும் மூடவில்லை. அந்த அறையைத் தினமும் பெருக்கியது அட்டெண்டர்தான். "சாப்டியாப்பா?" என்று பேராசிரியர் தினமும் கேட்பார். மன்னிச்சிடு என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த வாயில் வரவேயில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அட்டெண்டர் காத்துக்கிடந்தார். போன வாரம் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அண்ணே, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று பேராசிரியரின் மனைவி கூப்பிட்டார்.

அட்டெண்டர் காலை இழுத்து இழுத்து மைக்குக்குப் போனார். "ஐயா கதவ மூட மாட்டாருன்னு எல்லாரும் சொன்னீங்க. நெசந்தான். ஒரே ஒரு தடவ மூடினாரு." வலக்கையைத் தூக்கிக் காட்டினார். "இது அந்தப் பசங்க அடிச்சது இல்ல. ஐயா கதவுல போனது."

துறைத்தலைவர் மைக்கைப் பிடுங்க எழுந்தார். அதற்குள் பேராசிரியரின் மனைவி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அவருக்காக நான் உங்ககிட்ட..."

"நீங்க சொல்லாதீங்கம்மா," என்றார் அட்டெண்டர். "அது அவரு சொல்ல வேண்டியது."